கொரில்லா போன வழி, சிம்பன்சி போன வழி



இன்றைய உரையின் பொருள் வளர்ச்சி. உறவுள்ள இரண்டு விலங்கினங்கள் குட்டியிலிருந்து பெரிதாகும் விதத்தை எப்படி ஒப்பிடுவது? அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை எண்களைக் கொண்டு எப்படித் தீர்மானிப்பது? கேட்பதற்குச் சிறிய கேள்வி. இதற்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள் நூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஓர் ஆண் கொரில்லாவின் மண்டையோட்டையும் ஓர் ஆண் சிம்பன்சியின் மண்டையோட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். கொரில்லாவுக்கு உச்சந்தலையில் எலும்பு மேடு எழுந்து நிற்கும். புருவ எலும்பு தடித்துப் புடைத்திருக்கும். தாடை முன்னுக்குத் தள்ளியிருக்கும். உயிரோடு இருந்தபோது அதன் எடை சிம்பன்சியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இவை இரண்டும் நெருங்கிய உறவா என்று கேட்கத் தோன்றும். அதே மேசையில் இரண்டின் குட்டிகளுடைய மண்டையோடுகளை வையுங்கள். உருண்டைத் தலை, சிறிய முகம், மேடுமில்லை புடைப்புமில்லை. எது எதனுடையது என்று சொல்லப் பழகிய கண் வேண்டும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே பிறந்தது? பிறப்புக்கும் முதிர்ச்சிக்கும் நடுவில். அந்த நடுவழியைப் பார்க்காமல் முதிர்ந்த உருவங்களை மட்டும் ஒப்பிடுகிறவர், கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கதை சொல்ல வருகிறார். முடிவுகளை அளந்தால் போதாது, வழியை அளக்க வேண்டும். இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறது.

உடல் பெரிதாகும்போது வடிவம் ஏன் மாறுகிறது? கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இதற்குக் காரணம் சொன்னார். நீளம் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். நான்கு மடங்கு வலிமை எட்டு மடங்கு சுமையைத் தாங்காது. ஆகவே பெரிய விலங்கின் எலும்பு, நீளத்துக்கு ஏற்ற அளவைவிடக் கூடுதலாகப் பருத்தாக வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு கூடுதல் என்று கணக்காகச் சொல்ல ஒரு சூத்திரம் வர, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சூத்திரம் ஒரு நண்டிடமிருந்து வந்தது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து, அதைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கும் சின்ன நண்டுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. அதன் உறவுக்கார நண்டு ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைச் சேற்றில் வாழ்கிறது. ஜூலியன் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அந்த இனத்தில் சிறியதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கான ஆண் நண்டுகளின் எடைக் கணக்கை எடுத்துக்கொண்டார். கொடுக்கின் எடை தனி, மீதி உடலின் எடை தனி. சின்ன நண்டில் கொடுக்கு உடலோடு ஒப்பிட அற்பம். பெரிய நண்டில் உடலோடு போட்டி போடும் அளவு. இரண்டு எடைகளையும் சாதாரண வரைபடத்தில் குறித்தால் வளைகோடு கிடைக்கும். அவர் அவற்றின் மடக்கையை, பள்ளியில் லாக் என்று படித்தோமே, அதை எடுத்துக் குறித்தார். வளைவு நிமிர்ந்து நேர்கோட்டுக்கு மிக அருகில் வந்தது.

அந்தக் கோட்டின் சாய்வு சுமார் 1.6. இந்த ஒற்றை எண் என்ன சொல்கிறது? சாய்வு 1 என்றால் உடலும் உறுப்பும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன, வடிவம் மாறவில்லை. 1.6 என்றால்? உடல் இரண்டு மடங்காகும்போது கொடுக்கு மூன்று மடங்காகிறது. உடல் பத்து மடங்காகும்போது கொடுக்கு நாற்பது மடங்காகிறது! நண்டு தன் வாழ்நாளில் கொடுக்கை நோக்கிப் புதிய முடிவு எதையும் எடுக்கவில்லை. முதலிலிருந்தே ஒரே விதியைப் பின்பற்றியது. அந்த விதியே அதை அந்த உருவத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஹக்ஸ்லி இதை 1924-இல் வெளியிட்டார். 1932-இல் இதையே விரித்து ஒரு நூலாக்கினார். 1936-இல் அவரும் பிரெஞ்சு உயிரியலாளர் ஜார்ஜ் தெசியேயும் பேசிவைத்துக்கொண்டு, இந்த வகை வளர்ச்சிக்கு அலோமெட்ரி என்று பெயர் சூட்டினார்கள். துறையின் பெயராக இன்றும் நிற்பது அதுதான்.

இப்போது ஒரு நண்டை விட்டு இரண்டு உறவினங்களுக்கு வருவோம். ஒவ்வோர் இனத்துக்கும் குட்டி முதல் முதிர்ந்தது வரை அளந்து, மடக்கை எடுத்து, ஆளுக்கொரு கோடு போட்டாயிற்று. இரண்டு கோடுகள் என்னென்ன விதமாக இருக்க முடியும்? இரண்டும் ஒரே கோடாக இருந்து, ஓர் இனம் மட்டும் அதில் நெடுந்தூரம் போயிருக்கலாம். இரண்டும் இணையாக ஓடி, ஒன்று மற்றொன்றைவிட உயரத்தில் தொடங்கியிருக்கலாம். அல்லது சாய்வே மாறுபட்டு, போகப்போக இரண்டும் விலகலாம். கண்ணுக்கு மூன்றுமே ஒன்றுபோலத்தான் தெரியும்: இந்த முதிர்ந்த உருவம் வேறு, அந்த முதிர்ந்த உருவம் வேறு. பரிணாமக் கதையாகப் பார்த்தாலோ மூன்றும் மூன்று கதைகள். இவற்றைப் பிரித்துச் சொல்வதுதான் புள்ளியியலின் வேலை. முதலில் சாய்வுகள் ஒன்றுதானா என்று சோதிக்க வேண்டும். சாய்வு ஒன்று என்று தெரிந்த பிறகே, கோடுகள் ஒரே உயரத்தில் தொடங்குகின்றனவா என்று கேட்க வேண்டும். இந்த வரிசையைப் புரட்டிப் போட்டால் விடைக்குப் பொருளே இல்லாமல் போகும்.

சென்னையிலிருந்து ஒரே சாலையில் இரண்டு பேருந்துகள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திருச்சியோடு நின்றுவிடுகிறது. மற்றொன்று திருச்சியைத் தாண்டி மதுரைக்குப் போகிறது. இரண்டும் நின்ற ஊர்களை மட்டும் பார்த்தவர் வெவ்வேறு சாலையில் வந்ததாக நினைப்பார். பிரையன் ஷே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1983-இல் ஆப்பிரிக்கக் குரங்கினங்களைப் பற்றிச் சொன்னது ஏறத்தாழ இதுதான். போனபோ, சிம்பன்சி, கொரில்லா மூன்றின் மண்டையோட்டு அளவுகளையும் உடல் அளவுகளையும் வளர்ச்சி வரிசையில் வைத்து அவர் கோடு போட்டார். பல அளவுகளில் கொரில்லாவின் புள்ளிகள் சிம்பன்சியின் கோட்டை அப்படியே நீட்டியதுபோல் விழுந்தன. சிம்பன்சி நின்ற இடத்தைத் தாண்டி, அதே திசையில் கொரில்லா மேலே போயிருக்கிறது. அந்த எலும்பு மேட்டுக்கும் புடைத்த புருவத்துக்கும் தனித்தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பகுதி, பெரிய உடல் என்ற ஒரே மாற்றத்தின் கூடவே வந்தது.

எவ்வளவு பெரிய விளக்கம், பாருங்கள்! நூறு வேறுபாடுகளுக்கு நூறு காரணம் தேடியவர்களுக்கு, ஒரு கோடு வந்து ஒரே காரணத்தைக் காட்டுகிறது.

ஆனால் இந்த வரைபடத்தில் ஒன்று இல்லை. கவனித்தீர்களா? காலம் இல்லை. ஓர் அச்சில் உடலின் அளவு, மற்ற அச்சில் உறுப்பின் அளவு. வயது எங்கே? கொரில்லா அதே சாலையில் நெடுந்தூரம் போனது சரி. அதிக ஆண்டுகள் வளர்ந்து போனதா, வேகமாக வளர்ந்து போனதா? வயதை ஓர் அச்சில் வைத்துத் திரும்ப வரைந்தால் விடை தெரிகிறது. கொரில்லா வேகமாக வளர்கிறது. அதன் வளர்ச்சிக் காலம் சிம்பன்சியைவிடப் பெரிதாக நீளவில்லை. பெண் கொரில்லா பத்து வயதை ஒட்டி முதல் குட்டி ஈனுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி எடையுள்ள பெண் சிம்பன்சிக்கோ பதின்மூன்று, பதினான்கு வயதாகிவிடுகிறது. பெரியதாவதற்கு நீண்ட காலம் வேண்டும் என்ற நம் எண்ணத்தை இந்தக் குரங்குகள் ஏற்றுக்கொள்வதில்லை.

சிறியதாவதற்கும் இதே கேள்வி உண்டு. சிசிலித் தீவின் ஸ்பினகாலோ குகையில் ஒரு யானையின் எலும்புகள் குவிந்து கிடந்தன. முதிர்ந்த யானையின் உயரமே ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் மூதாதை, பெருநிலத்தில் வாழ்ந்த நேர்தந்த யானை, நான்கு மீட்டரை நெருங்கியது. குள்ளமானது எப்படி? சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்திவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எலும்பிலும் தந்தத்திலும் பல்லிலும் பதிந்த வளர்ச்சிக் கோடுகளை எண்ணி 2021-இல் வெளியான ஆய்வு வேறு சொன்னது. அந்தக் குள்ள யானை அறுபது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது, மிக மெதுவாக வளர்ந்திருக்கிறது. கொரில்லா வேகத்தைக் கூட்டிப் பெரிதானது. சிசிலி யானை வேகத்தைக் குறைத்துச் சிறிதானது.

வயதோடு வளர்ச்சியை ஒப்பிடும் கணக்கியலில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை இந்த அவையில் பெருமையோடு சொல்ல வேண்டும்.

27 பிள்ளைகள். 16 பையன்கள், 11 பெண்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுகளில் ஒவ்வொருவருக்கும் முகத்தின் உள்ளே ஒரு குறிப்பிட்ட தூரம் அளக்கப்பட்டது. மொத்தம் 108 அளவுகள். இவை 108 தனித்தனிச் சாட்சிகளா? இல்லவே இல்லை. எட்டு வயதில் பெரிய முகமுள்ள பிள்ளைக்குப் பத்து வயதிலும் பெரிய முகம்தான் இருக்கும். ஒரே சாட்சி நான்கு முறை பேசுகிறார். அதை நான்கு சாட்சிகளாக எண்ணினால் இல்லாத உறுதி கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த 27 பிள்ளைகளின் கணக்கை 1964-இல் எடுத்துப் பேசியவர்கள் பாட்ஹாஃப் என்பவரும், கல்கத்தாவில் புள்ளியியல் கற்று அமெரிக்கா சென்ற எஸ். என். ராயும். வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் பாடம் நடக்கும் வகுப்புகளில் இன்றும் அந்த 108 எண்கள்தான் கரும்பலகைக்கு வருகின்றன.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1958-இல், சி. ஆர். ராவ் வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் புள்ளியியல் முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஹடகலியில் பிறந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேர்விட்டு, 102 வயது வரை வாழ்ந்த மேதை. ஒவ்வோர் உயிரின் வளர்ச்சியையும் முதலில் ஓரிரு எண்களில் அடக்கிக்கொள்ள வேண்டும், பிறகு அந்த எண்களைக் குழுவுக்குக் குழு ஒப்பிட வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. முதலில் தனி உயிர், அப்புறம் இனம். சொன்ன பிறகு எளிதாகத் தெரிகிறது. ஆனால் அளவுகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே கோடு போடும் பழக்கம் எத்தனை ஆய்வுகளைக் கெடுத்திருக்கிறது!

இதுவரை பேசியது ஒரே ஓர் உறுப்பு, ஒரே ஒரு கோடு. உண்மையான மண்டையோடு அப்படியா இருக்கிறது? நீளம், அகலம், உயரம், தாடை, கண்குழி என்று இருபது முப்பது அளவுகள். எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீளமான தலை பெரும்பாலும் அகலமாகவும் இருக்கும்.

இப்படிப் பிணைந்த அளவுகளை வைத்து இரண்டு குழுக்களுக்கு இடையிலான தூரத்தை எப்படிச் சொல்வது? 1920-இல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனந்தேல், இயற்பியல் ஆசிரியராக இருந்த பி. சி. மகலனோபிசைச் சந்தித்தார். தான் திரட்டியிருந்த கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி கேட்டார். அந்த வேலையிலிருந்து வளர்ந்து, 1936-இல் முழு வடிவம் பெற்றதுதான் மகலனோபிஸ் தூரம். பிணைந்த அளவுகளை இரண்டு முறை எண்ணாமல், பிணைப்பைக் கழித்துவிட்டுத் தூரத்தைச் சொல்லும் முறை அது. உலகத்தின் எந்த மூலையில் மண்டையோடுகளை ஒப்பிட்டாலும் இந்தப் பெயர் வந்துவிடும்.

பிணைந்த பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணத்தை வளர்ச்சிக்குப் பொருத்தியவர் கனடாவின் பியர் ஜோலிகர். ஆண்டு 1963. எல்லா அளவுகளுக்கும் மடக்கை எடுத்து, அத்தனை புள்ளிகளும் அதிகமாக நீண்டு கிடக்கும் திசை எது என்று கண்டுபிடி என்றார். குட்டியிலிருந்து முதிர்ந்தது வரை வரிசையாக அளந்திருந்தால், அந்த நீண்ட திசைதான் வளர்ச்சியின் திசை. நான்கு அளவுகள் எடுத்து, நான்கும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், அந்தத் திசையில் ஒவ்வொன்றின் பங்கும் சரியாக 0.5. தாடையின் பங்கு 0.6 என்று வந்தால் அது முந்துகிறது. மூளைப்பெட்டியின் பங்கு 0.3 என்று வந்தால் அது பின்தங்குகிறது. இனி இரண்டு இனங்களை ஒப்பிடுவது இரண்டு திசைகளுக்கு இடையே உள்ள கோணத்தை அளப்பது! கோணம் சுழி என்றால் ஒரே சாலை அல்லது இணைச்சாலை. கோணம் பெரிதென்றால் வெவ்வேறு திசை.

எவ்வளவு பெரிய கோணத்தைப் பெரிதென்று சொல்வது? ஐந்து பாகையா, பத்து பாகையா? ஒரே இனத்தின் மண்டையோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்தாலும் ஏதோ ஒரு கோணம் வரத்தான் செய்யும். ஆகவே இன்றைய ஆய்வாளர்கள் கணினியிடம் அந்த வேலையையே ஆயிரக்கணக்கான முறை செய்யச் சொல்கிறார்கள். இரண்டு இனங்களின் பெயர்ச் சீட்டுகளைக் கலைத்துக் கலைத்துப் பிரித்து, ஒவ்வொரு முறையும் கோணத்தை அளக்கிறார்கள். உண்மையான கோணம் அந்தக் குருட்டுக் கோணங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் மிஞ்சி நின்றால்தான் அதற்கு மதிப்பு. நேர்மையான சோதனை இது. யாருடைய விருப்பமும் இதில் நுழைய முடியாது.

அளவுகோலும் மாறிவிட்டது. மூக்கின் வேர், கண்குழியின் விளிம்பு, தாடையின் முனை என்று மண்டையோட்டின் மேல் குறிப்பிட்ட இடங்களை முப்பரிமாணத்தில் குறித்து, எல்லா மண்டையோடுகளையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, மிச்சமிருக்கும் வடிவ வேறுபாட்டை மட்டும் ஆராய்கிறார்கள். டார்சி தாம்சன் 1917-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் முள்பந்து மீனைச் சதுரக் கட்டங்களில் வரைந்து, கட்டத்தை வளைத்து அதைச் சூரிய மீனாக்கிக் காட்டினார். அவர் கையால் வரைந்த அந்தக் கட்டங்களுக்கு, பிரெட் புக்ஸ்டைன் போன்றவர்கள் 1980-களிலும் 90-களிலும் கணக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் புதிய அளவுகோலோடு பழைய குரங்கு மேசைக்குத் திரும்பிப் போனவர்கள் என்ன கண்டார்கள்? பிலிப் மிட்டரோக்கரும் கூட்டாளிகளும் 2004-இல் மனிதன், சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றின் மண்டையோட்டு வளர்ச்சிப் பாதைகளையும் ஒப்பிட்டார்கள். மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிறக்கும்போதே வெவ்வேறு இடத்தில் நிற்கிறார்கள். பாதைகள் அச்சடித்ததுபோல் ஒன்றல்ல. மனித முகம் சிம்பன்சிக் குட்டியின் முகத்தோடு வளர்ச்சி நின்றுபோன முகம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட கருத்துக்கு இது பலத்த அடி. ஷே சொன்னது பொய்யா? இல்லை. ஒரு நீளத்தை மற்றொரு நீளத்தோடு வைத்தால் ஒரே கோடாகத் தெரிந்தது, முழு வடிவத்தையும் வைத்தபோது அருகருகே ஓடும் கோடுகளாகப் பிரிந்தது. அளவுகள் கூடக்கூடக் கண் கூர்மையாகிறது.

நியாண்டர்தால் மனிதர் கதையிலும் இதுவே நடந்தது. 2001-இல் சூரிச்சைச் சேர்ந்த மார்சியா போன்சே டி லியோனும் கிறிஸ்டோஃப் சோலிகோஃபரும் நியாண்டர்தால் குழந்தைகளின் உடைந்த மண்டையோடுகளைக் கணினியில் ஒட்டி, நம் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். மிகச் சிறு வயதிலேயே வேறுபாடு இருந்துவிடுகிறது, அதற்குப் பிறகு இரண்டு இனங்களின் பாதைகளும் இணையாக ஓடுகின்றன என்றார்கள். அந்தத் தொடக்க வேறுபாடு எப்போது வந்தது? 2010-இல் ஃபிலிப் குன்ஸும் லைப்சிக் நகரத்து ஆய்வுக் குழுவினரும், பிரான்சின் லெ முஸ்தியேயில் கிடைத்த பச்சிளம் குழந்தை உட்பட, மண்டையோட்டின் உட்புற வடிவத்தை ஆராய்ந்தார்கள். பிறந்த நேரத்தில் இரண்டு இனங்களின் மூளைப்பெட்டியும் ஏறத்தாழ ஒத்த நீள்வடிவம். பிறந்த முதல் ஆண்டில் நம் குழந்தையின் மூளைப்பெட்டி உருண்டு திரள்கிறது. நியாண்டர்தால் குழந்தைக்கு அந்தக் கட்டமே இல்லை. தாய் மடியில் கிடக்கும் அந்த ஓராண்டில் இரண்டு மனித இனங்களும் பிரிந்துபோயிருக்கின்றன! முதிர்ந்த மண்டையோடுகளை எத்தனை ஆயிரம் முறை அளந்தாலும் இது தெரிந்திருக்குமா?

இத்தனை நேரம் கோடு, கோடு என்று பேசினோம். கோட்டைப் போடுவதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றுத்தரும் தொடர்புப் போக்குக் கோடு, படுக்கை அச்சில் உள்ள அளவில் பிழையே கிடையாது என்று எடுத்துக்கொள்கிறது. உடல் எடையில் பிழை இல்லாமல் இருக்குமா? சாப்பிட்ட மிருகம் வேறு, பட்டினி கிடந்த மிருகம் வேறு. அந்தப் பிழை கோட்டின் சாய்வைக் குறைத்துக் காட்டும். 1950-இல் கெர்மாக்கும் ஹால்டேனும் இரண்டு அச்சுகளையும் சமமாக நடத்தும் வேறொரு கோட்டை அலோமெட்ரிக்குப் பரிந்துரைத்தார்கள். ஒட்டுறவு 0.8 இருக்கும் புள்ளிகளுக்குப் பழைய முறை சாய்வு 0.8 என்று சொன்னால், இந்த முறை 1 என்று சொல்லும். ஒன்று உறுப்பு பின்தங்குகிறது என்கிறது, மற்றொன்று சமமாக வளர்கிறது என்கிறது. எலும்பு அதே எலும்பு! எந்தக் கோடு, ஏன் அந்தக் கோடு என்று சொல்லாத கட்டுரையைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

பெரிய பொறி இன்னொன்று உண்டு. அது உறவு.

நாற்பது இனங்களை அளந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இருபது இனங்கள் ஒரு குடும்பம், இருபது இனங்கள் இன்னொரு குடும்பம். முதல் குடும்பத்தின் மூதாதைக்குப் பெரிய உடலும் வேகமான வளர்ச்சியும் இருந்தன. இரண்டாவதன் மூதாதைக்குச் சிறிய உடல், மெதுவான வளர்ச்சி. பிள்ளைகள் எல்லாம் தத்தம் பாட்டனை ஒத்திருக்கின்றன. நாற்பது புள்ளிகளையும் வரைந்து கோடு போட்டால், பெரிய உடலுக்கு வேகமான வளர்ச்சி என்று அழகான தொடர்பு தெரியும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் பார்த்தால் தொடர்பே இருக்காது! உண்மையில் நடந்தது என்ன? எப்போதோ ஒரு முறை இரண்டு பாட்டன்கள் பிரிந்தார்கள். ஒரு நிகழ்ச்சி. அதை நாற்பது சாட்சிகளாக எண்ணிவிட்டோம். அந்த 27 பிள்ளைகளிடம் பார்த்த அதே பிழை, இங்கே லட்சக்கணக்கான ஆண்டுகளின் அளவில் நிற்கிறது.

1985-இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் இதே நாற்பது இன உதாரணத்தோடு எழுதிய கட்டுரை, ஒப்பீட்டு உயிரியலை இரண்டு காலங்களாகப் பிரித்துவிட்டது. கட்டுரைக்கு முன், கட்டுரைக்குப் பின். குறையைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை, மருந்தும் கொடுத்தார். இனங்களை ஒப்பிடாதே, சகோதர இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை ஒப்பிடு. இரண்டு சகோதர இனங்களும் ஒரே தாயிடமிருந்து பிரிந்தவை. பிரிந்த பிறகு அவற்றுக்குள் உண்டான வித்தியாசம் அவற்றின் சொந்தச் சம்பாத்தியம், பாட்டன் சொத்து அதில் இல்லை. பிரிந்து நெடுங்காலமான ஜோடிக்கு வித்தியாசம் இயல்பாகவே அதிகமிருக்கும் என்பதால், கடந்த காலத்தின் வர்க்கமூலத்தால் அதை வகுத்துக்கொள்ள வேண்டும். இனங்களின் உறவு மரத்தில் கீழே இறங்கி, மூதாதைகளின் ஜோடிகளுக்கும் இதையே செய்ய வேண்டும். நாற்பது இனங்களிலிருந்து 39 வேறுபாடுகள் கிடைக்கும். அவை ஒன்றையொன்று சாராதவை. கோட்டை அவற்றின் வழியே போடலாம்.

பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் நெகிழ்வாக்கினார்கள். உறவு எவ்வளவு தூரம் வளர்ச்சியைக் கட்டிப்போடுகிறது என்பதையே சுழியிலிருந்து ஒன்றுவரை ஓர் எண்ணாக மதிப்பிடும் முறையை மார்க் பேகல் 1999-இல் தந்தார். சுழி என்றால் உறவு ஒரு பொருட்டில்லை. ஒன்று என்றால் மரம் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று. ஒரே இனத்தின் முதிர்ந்த விலங்குகளுக்குள் மூளையையும் உடலையும் வைத்துக் கோடு போட்டால் சாய்வு மிகத் தாழ்வாக, 0.2 அல்லது 0.3 என்ற அளவில் வரும். பாலூட்டி இனங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கும் நான்கில் மூன்று பங்குக்கும் இடையில் வரும். குட்டி முதல் முதிர்ந்தது வரை போட்டால் கோடு வேறு. மூன்றும் மூன்று கேள்விகளுக்கு விடைகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்து வாதாடிய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, இந்தப் பொறிகள் அத்தனையும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஒரு விலங்கைப் பார்ப்போம். இந்த அரங்கில் உள்ள சிறுவர்கள்கூட அதன் பெயரைச் சொல்வார்கள். டைரனோசாரஸ் ரெக்ஸ்.

2004-இல் கிரிகரி எரிக்சனும் கூட்டாளிகளும் இந்த டைனோசரையும் அதன் மூன்று நெருங்கிய உறவினங்களையும் எடுத்துக்கொண்டார்கள். சுமை தாங்காத விலா எலும்பு போன்றவற்றை அறுத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பதியும் வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார்கள். சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற எலும்புக்கூட்டுக்கு 28 வயது என்று தெரிந்தது. வயதுக்கு எதிரே எடையை வைத்துக் கோடு போட்டபோது, விடலைப் பருவத்தின் உச்சத்தில் ரெக்ஸ் நாளொன்றுக்கு 2.1 கிலோ எடை கூடியதாகக் கணக்கு வந்தது. உறவினங்களோ நாளொன்றுக்கு அரைக் கிலோவைக்கூட எட்டவில்லை. வளர்ந்த காலம் நான்குக்கும் ஏறத்தாழ ஒன்று. வேகம்தான் வேறு. கொரில்லா செய்ததை, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே ரெக்ஸ் செய்திருந்தது!

விடை கிடைத்துவிட்டதா? அந்த ரெக்ஸ் கோடு ஏழே ஏழு எலும்புக்கூடுகளின் மேல் நின்றது. வயதை எலும்பு சொல்லும், எடையை யார் சொல்வார்? 2011-இல் ஜான் ஹட்சின்சன் குழுவினர் எலும்புக்கூட்டின் மேல் கணினியில் சதையேற்றி எடையைத் திரும்பக் கணக்கிட்டபோது, உச்ச வேகம் பழைய மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 2013-இல் நேதன் மிர்வோல்ட், டைனோசர் வளர்ச்சிக் கோடுகள் பலவற்றின் கணக்கையே மறுபடி போட்டுப் பார்த்து, கோடு பொருத்திய முறையில் பிழைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

அதற்கும் மேலான சங்கடம், கோட்டின் தொடக்க முனையில் இருந்தது. சிறிய மண்டையோடு ஒன்றை நானோடைரனஸ் என்ற தனி இனம் என்று 1988-இல் பெயரிட்டவர்கள் உண்டு. இல்லை, அதுவும் அதைப் போன்ற சிறிய எலும்புக்கூடுகளும் வளர்ந்துகொண்டிருந்த ரெக்ஸ் குட்டிகள் என்று மறுத்தவர்கள் உண்டு. 2020-இல் ஹாலி உட்வர்டும் கூட்டாளிகளும் ‘ஜேன்’, ‘பீட்டி’ என்ற இரண்டு எலும்புக்கூடுகளின் எலும்பை அறுத்து, இன்னும் வளர்ச்சி முடியாத இளம் ரெக்ஸ்கள் என்றார்கள். 2025-இல் லிண்ட்சே ஜானோவும் ஜேம்ஸ் நப்போலியும் வட கரோலினா அருங்காட்சியகத்துக்கு வந்த முழுமையான எலும்புக்கூடு ஒன்றை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ இருபது வயதில் வளர்ச்சி முடியும் நிலைக்கு வந்துவிட்ட சிறிய விலங்கு அது, ஆகவே நானோடைரனஸ் தனி இனமே என்று வாதிட்டார்கள். ஜேனையும் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள்.

இதன் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். வேறோர் இனத்தின் முதிர்ந்த விலங்கை ரெக்ஸ் குட்டி என்று நினைத்துக் கோட்டில் ஒரு புள்ளியாக வைத்தால், கோடு அந்த வயதில் தரையோடு தரையாகக் கிடந்து, அடுத்த புள்ளிக்குத் திடீரென்று செங்குத்தாக ஏறும். இல்லாத விடலைப் பாய்ச்சல் ஒன்று முளைத்துவிடும். அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால், ரெக்ஸின் குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி சொல்ல மிகச் சில எலும்புகளே மிஞ்சும். ஒப்பிடுவதற்கு முன் எது எந்த இனம் என்று தெரிந்திருக்க வேண்டும். எது எந்த இனம் என்று தீர்மானிக்கவோ, எலும்பின் வளர்ச்சிக் கோடுகளையே கேட்க வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகங்களின் அலமாரிகளில் இருக்கும் சிறிய டைரனோசார் எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட வேண்டும். அவற்றின் குறுக்குவெட்டுகளில் வளர்ச்சிக் கோடுகள் மறுபடி எண்ணப்பட வேண்டும். அந்த எண்ணிக்கை முடிந்த பிறகுதான் ரெக்ஸின் கோட்டையும் உறவினங்களின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாய்வு ஒன்றா, வேகம் வேறா என்று நம்பிக்கையோடு கேட்க முடியும்.